கறுப்பு மையும் நம் வீட்டு முகங்களும்



இன்று நாம் கறுப்பு மையைப் பற்றிப் பேசுவோம். எழுதுகிற மை அல்ல, வரைகிற மை. ஒரு புட்டி கறுப்பு மை, ஒரு தூரிகை, கொஞ்சம் தண்ணீர். இவ்வளவுதான் முதல். இவற்றைக் கொண்டே ஒரு முகத்தை, அதன் சுருக்கமும் பளபளப்பும் தெரியும்படி வரைந்துவிடலாம். ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் என்று நம் நெகிரி செம்பிலானின் தோட்டங்களில் இருக்கும் எந்தப் பிள்ளையும் இதைச் செய்யலாம். பெற்றோர்களும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஏனென்றால் வரைவது பிள்ளையானாலும் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

தோட்டப் பள்ளிகளில் சித்திர வகுப்பு நடத்துகிற எங்களுக்கு ஒரு விஷயம் பழகிப் போய்விட்டது. "அம்மாவை வரையுங்கள்" என்று சொன்னால், பிள்ளைகளின் கை வண்ணப் பெட்டியில் ஒரே ஒரு நிறத்தைத்தான் தேடிப் போகும். இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த ஒரு வெளிர்நிறம். அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் 'தோல் நிறம்'. யாருடைய தோல் என்று யாரும் கேட்பதில்லை. இது நம் ஊரில் மட்டும் உள்ள வழக்கமல்ல. அமெரிக்காவில் பெயர்பெற்ற கிரயோலா கம்பெனி இதே மாதிரியான ஒரு நிறத்தைச் 'சதை நிறம்' என்றே பெயரிட்டு விற்று வந்தது. 1962-இல்தான் அந்தப் பெயரை நீக்கி, பீச் பழத்தின் பெயரை வைத்தது. பெட்டியில் பெயர் மாறினாலும் பிள்ளைகள் வாயில் மாறவில்லை.

ஒரு முறை நாங்கள் ஒரு பையனிடம், "ஏன் தம்பி, அம்மா இந்த நிறமா?" என்று கேட்டோம். "அம்மா கறுப்புதான் சார். ஆனா கறுப்பு அடிச்சா அசிங்கமா போயிரும்" என்றான். இந்தப் பதிலைக் கேட்டவுடன் நமக்கு வருத்தம்தான் வரும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், அவன் சொன்னதில் பாதி உண்மை என்று தெரியும். மெழுகு வண்ணத்தில் கறுப்பை எடுத்து முகம் முழுவதும் அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும்? கண் மறையும், மூக்கு மறையும், ஒரு கரிய வட்டம்தான் மிஞ்சும். அவன் கையிலிருந்த கருவிக்கு ஒரே ஒரு கறுப்புத்தான் தெரியும். மைக்கும் தண்ணீருக்கும் அப்படி இல்லை.

ஒரு பீங்கான் தட்டில் ஒரு சொட்டு மை விடுங்கள். அதில் பத்துச் சொட்டுத் தண்ணீர் சேருங்கள். அதில் ஒரு துளியை எடுத்து வேறொரு தட்டில் விட்டு, இன்னும் பத்துச் சொட்டு ஊற்றுங்கள். முதல் தட்டில் மழைமேகத்தின் நிறம். இரண்டாவதில் காலைப் பனியின் நிறம். அதையும் நீர்த்தால் பார்க்கிறவருக்கே சந்தேகம் வருகிற ஒரு சாயல். ஒரே மையில் ஐந்து நிறம் உண்டு என்று சீன ஓவியர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். இப்படி நீர்த்த மையைத் தாளின்மேல் ஓட விட்டு வரைவதற்கு ஓவியர்கள் 'வாஷ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் இதை மைநீர்ப் பூச்சு என்று சொல்லிக்கொள்வோம்.

இந்த மை என்ன பொருள்? புகைக்கரி. விளக்கின் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துப் பிடித்தால் அடியில் படிகிறதே, அதுதான். குழந்தைக்குக் கண்மை தயாரித்த பாட்டிமார்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சீனர்கள் இந்தக் கரியுடன் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசையைச் சேர்த்துக் கட்டியாக வார்த்தார்கள். அந்தக் கட்டியைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்தால் மை. கரி ஒருநாளும் தண்ணீரில் கரைவதில்லை. மிக நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. தண்ணீர் அந்தத் துகள்களைத் தாளின் நாருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடுகிறது. பசை, துகளைப் பிடித்துக்கொள்கிறது. கரிக்கு வெயில் பட்டாலும் சாயம் போவதில்லை. பள்ளியில் எழுதுகிற நீல மை அப்படியல்ல, அது சாயம். சன்னலோரம் சில மாதம் கிடந்தாலே வெளுத்துவிடும்.

நம் முன்னோரும் கரியின் இந்தக் குணத்தை அறிந்தவர்களே. ஓலையில் எழுத்தாணியால் கீறிவிட்டு, எழுத்துத் தெரியக் கரியைத்தான் தடவினார்கள். ஓலையைச் செல் அரித்திருக்கும்; எழுத்தின் கறுப்பு மங்கியிருக்காது.

தூரிகையில் மை தொட்டு எழுதுவதை நம்மில் வயதானவர்கள் பலரும் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். சிரம்பானுக்குச் சாமான் வாங்கப் போன காலத்தில், சீன மருந்துக் கடைகளில் பெரியவர் ஒருவர் தூரிகையை நிமிர்த்திப் பிடித்து மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருப்பார். தூரிகையை அழுத்தினால் தடித்த கோடு, தூக்கினால் மயிர்க்கோடு. அந்தக் கை ஓட்டத்தை வேடிக்கை பார்த்த நம் தாத்தாமார்களுக்கு, அதே தூரிகையால் மரமும் மனிதனும் வரையலாம் என்று தோன்றியிருக்காது. 1938-இல் சிங்கப்பூரில் தொடங்கிய நன்யாங் கலைக்கழகத்தில் பாடம் நடத்திய சென் சோங் சுவீ போன்ற ஓவியர்கள் அதைச் செய்து காட்டினார்கள். சீனத்து மையைக் கொண்டு சீனத்து மலைகளை மட்டுமே வரைய வேண்டுமா என்று கேட்டு, தென்னை மரத்தையும் அத்தாப்புக் கூரையையும் கம்பத்து மக்களையும் வரைந்தார்கள்.

இந்த முறை நம் தமிழர் வீடுகளுக்கு வந்த வழி வேறு. அது சுவையான கதை. கொஞ்சம் விரிவாகவே சொல்லுவோம்.

1903-ஆம் ஆண்டில் ஜப்பானிலிருந்து யொகொயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்ற இரண்டு ஓவியர்கள் கல்கத்தாவுக்கு வந்தார்கள். கவி தாகூரின் குடும்பத்தைச் சேர்ந்த அபனீந்திரநாத் தாகூர் அவர்களுடைய வேலையைப் பக்கத்திலிருந்து கவனித்தார். தைக்கான் அடிக்கடி தூரிகையில் வெறும் தண்ணீரைத் தொட்டுத் தாளை ஈரமாக்குவதைப் பார்த்தவர், தாம் ஒரு படி மேலே போனார். வண்ணம் பூசிய படத்தை அப்படியே தண்ணீரில் அமிழ்த்தி எடுத்தார், காய்ந்ததும் மறுபடி பூசினார், மறுபடி அமிழ்த்தினார். நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி, பனிமூட்டத்துக்குள் பார்ப்பதுபோல ஆயின. வங்காளத்து ஓவியர்களின் கழுவுப் பூச்சு இப்படிப் பிறந்தது.

அபனீந்திரநாத்தின் மாணவர்களில் ஒருவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1929-இல் அவர் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைவராக வந்தார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவரே. சென்னைக் கடற்கரையில், பாறையை நெம்பிப் புரட்டுகிற நான்கு தொழிலாளிகளின் சிலை இருக்கிறதல்லவா, 1959-இல் வைத்த உழைப்பாளர் சிலை, அதைச் செய்தவரும் அவர்தான். உடம்பால் உழைக்கிறவனைச் சிலையாக நிறுத்தத் தகுந்தவன் என்று எண்ணிய ஒருவர் ஓவியப் பள்ளியை நடத்தியது நம்மைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி.

நாமக்கல்லிலிருந்து ஒரு பையன் அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான். போகச் சொன்னவர் நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை. கவிஞர் என்று நாம் அறிந்த அவர், உருவப்படம் எழுதிப் பிழைப்பு நடத்தியவரும்கூட. 1919-இல் பிறந்த அந்தப் பையனின் பெயர் ஸ்ரீனிவாசன். பிற்காலத்தில் 'சில்பி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் வரைந்தவர் அவரே. அந்தப் பெயரை வைத்தவர் விகடனின் தலைமை ஓவியர் மாலி. 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற வரிசையில் ஊர் ஊராகக் கோயில்களுக்குச் சென்று, சிலைகளின் எதிரே உட்கார்ந்து, அவற்றைக் கோட்டாலும் மைநீராலும் தாளில் இறக்கினார். 1983-இல் அவர் காலமானார்.

அதே மாலியிடம் பயின்றவர் தஞ்சாவூர்க்காரரான கோபுலு. 'தில்லானா மோகனாம்பாள்' கதைக்கு அவர் வரைந்த முகங்களைப் பார்த்தவர்கள், பின்னால் திரைப்படம் வந்தபோது அந்த முகங்களைத் திரையில் தேடினார்கள். அவர் 2015 வரை வாழ்ந்தார். கல்கியில் 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வந்தபோது அதற்குப் படம் வரைந்தவர் மணியம்.

இந்தப் பத்திரிகைகள் கப்பலேறி மலாயாவுக்கு வந்தன. தோட்டத்தில் ஒருவர் வாங்கினால் ஒரு லயமே படித்தது. கிராணி வீட்டிலிருந்து மண்டோர் வீடு, அங்கிருந்து ஆயாக் கொட்டகை என்று சுற்றி, அட்டை கிழிந்து, கடைசியில் படங்கள் மட்டும் வெட்டப்பட்டுச் சுவரில் ஒட்டப்பட்டன. பழைய தீபாவளி மலர் எந்த வீட்டிலாவது இருந்தால், கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிறிதும் பெரிதுமாகப் புள்ளிகள் தெரியும். ஓவியர் பூசிய மைநீரின் சாயல்களை அச்சுக்கூடத்தில் இப்படிப் புள்ளிகளாக மாற்றித்தான் அச்சடித்தார்கள். ஆக, நம் லயத்துச் சுவர்களில் இந்தக் கலை ஏற்கெனவே இருந்தது. அதை வரையும் வித்தைதான் பிள்ளைகள் கைக்கு வரவில்லை.

சில்பியின் படங்களில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. அவர் வரைந்தவற்றில் பல கருங்கல் சிலைகள். எண்ணெய்க் காப்பிட்டு எண்ணெய்க் காப்பிட்டுக் கறுத்த கல். அதைக் கறுப்பாகவே பூசி வைத்தால் படத்தில் ஒன்றும் தெரியாது. நீங்கள் நம் தோட்டத்துக் கோயிலிலேயே பார்க்கலாம். கருங்கல் மூலவர் இருந்தால், மற்ற விளக்குகளை அணைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு விளக்கை மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். மூக்கின் நுனி மின்னும், கன்னமேடு மின்னும், கீழுதட்டில் ஒரு கீற்று, தோளில் ஒரு கீற்று. அந்த நாலைந்து ஒளியிலேயே முகம் முழுவதும் தெரிந்துவிடும். வெளிறிய முகத்தை நமக்குக் காட்டுவது நிழல். கறுத்த முகத்தைக் காட்டுவது ஒளி.

வெள்ளைக்காரர் எழுதிய சித்திரப் புத்தகங்களை வைத்துப் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது, நிழலை எங்கே போடுவது என்றுதான் சொல்லித் தந்தார்கள். அந்தப் பாடத்தில் பிழை ஏதுமில்லை. ஆனால் பால் வெட்டி வெயிலில் கறுத்து, வேர்வையில் மினுங்குகிற ஒரு முகத்தை வரைய உட்காரும் பிள்ளை, எங்கே மையைப் போடுவது என்பதற்கு முன்னால் எங்கே போடக் கூடாது என்பதைப் பார்க்க வேண்டும். மைநீர்ப் பூச்சில் வெள்ளை என்று தனியாக ஒரு வண்ணம் கிடையாது. தாள்தான் வெள்ளை. தொடாமல் விட்ட இடம்தான் ஒளி. ஒரு முறை மை பட்டுவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது.

இனி வேலைக்கு வருவோம். சீன மை எழுதுபொருள் கடைகளில் புட்டியில் கிடைக்கிறது; விலை சில வெள்ளிதான். நடுத்தரமான சீனத் தூரிகை ஒன்றும், சின்னது ஒன்றும் போதும். தாள் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். மெல்லிய தாள் ஈரத்தில் அலை அலையாக எழும்பிவிடும். நான்கு ஓரத்தையும் பலகையில் ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொண்டால் அந்தத் தொல்லை குறையும். பழகுவதற்குப் பழைய செய்தித்தாளே போதும். சீனப் பள்ளிப் பிள்ளைகள் எழுத்துப் பழகுவது அதில்தான். மை கலக்கப் பீங்கான் மங்கு நல்லது. பால் எடுத்த பழைய மங்குகள் எத்தனையோ வீடுகளின் பின்புறம் இன்னும் கிடக்கின்றன. நன்றாகத் தேய்த்துக் கழுவி, நான்கை வரிசையாக வைத்தால் நான்கு சாயல். கலந்த மையை மறுநாளைக்கு வைக்காதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் நாற்றம் எடுத்துவிடும்.

பால் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஒளி விழும் சின்னச் சின்ன இடங்களை மை படாமல் காப்பாற்ற, ஓவியர்கள் கடையில் ஒரு திரவம் வாங்குகிறார்கள். சின்னப் புட்டிக்கே நல்ல விலை. அதைத் தாளில் தொட்டு வைத்தால் காய்ந்து தோலாகும். மேலே மை பூசலாம். பிறகு விரலால் தேய்த்தால் தோல் உரிந்து, அடியில் வெள்ளைத் தாள் அப்படியே இருக்கும். அந்தத் திரவம் வேறொன்றுமில்லை, நம் கித்தாப் பால்தான். உறையாமலிருக்க அமோனியா சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவே. பால் வெட்டு இன்னும் நடக்கிற தோட்டங்களில் ஒரு ஈர்க்குச்சி நுனியில் தொட்டு எடுத்தால் வேலை முடிந்தது. நல்ல தூரிகையை அதில் விடாதீர்கள். மயிரெல்லாம் ஒட்டிப் பாழாகும். பென்சில் கோட்டை ரப்பர் அழிக்கும் என்பதை 1770-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிஞர் எழுதி வைத்தார். தேய்த்து அழிக்கிற இந்த வேலையால்தான் அந்தப் பொருளுக்கே ஆங்கிலத்தில் ரப்பர் என்ற பெயர் வந்தது. சித்திரத்துக்கும் கித்தாவுக்கும் உள்ள உறவு, நம் தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்னமேயே ஏற்பட்டது.

வரையப்படுகிறவரை வாசலருகே உட்கார வையுங்கள். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வர வேண்டும். கூரையில் எரிகிற நீளக் குழல்விளக்கு முகத்தைத் தட்டையாக்கிவிடும், அதை அணைத்துவிடலாம். பகல் வேலை முடிந்து, குளித்து, தேநீர் குடித்தான பிறகு நாலு மணி வெயில் சாய்வது நல்ல நேரம். பவுடர் வேண்டாம். இதைச் சொன்னால் கேட்க மாட்டார்கள், தெரியும். படம் என்றாலே பவுடர் பூசி, சாமி படத்துக்கு முன்னால் நிற்பது போல விறைப்பாக உட்காருவது நம் வழக்கம். போட்டோக்காரர்கள் பழக்கி வைத்தது. ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கால் மணி நேரத்தில் விறைப்பு இறங்கிவிடும்.

பென்சிலால் மெல்ல முகத்தின் அளவை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். கண்கள் தலையின் நட்ட நடுவில் இருக்கின்றன என்பதைப் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். எல்லாரும் கண்ணை நெற்றிக்கு ஏற்றித்தான் வரைவார்கள். ஒரு குச்சியை நீட்டிப் பிடித்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்து, மின்னுகிற இடங்கள் எவை என்று எண்ண வேண்டும். நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று, கன்னத்தில் ஒன்று. அவற்றை விட்டுவிட்டு, மிச்ச முகம் முழுவதும் மிக மெல்லிய மைநீர். பலகையைக் கொஞ்சம் சாய்த்து, மேலிருந்து கீழாக, தூரிகை நிறைய எடுத்து, நடுவில் நிறுத்தாமல் இழுக்க வேண்டும். நிறுத்திய இடத்தில் கறை கட்டிவிடும்.

காயும்வரை காத்திருப்பதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம். மழை ஈரம் நிறைந்த நம் காற்றில் அது சீக்கிரம் காயாது. புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரமாக இருக்கும்போது கறுப்பாகத் தெரிவது காய்ந்ததும் வெளுத்துவிடும். அதனால் முதல் பூச்சைப் பார்த்துவிட்டு, "பாட்டி இவ்வளவு வெளுப்பா" என்று கலங்க வேண்டாம். அதன்மேல் இன்னொரு பூச்சு, கண்குழி, கழுத்து, மூக்கின் ஓரம் என்று நிழல் விழும் இடங்களில். பிறகு இன்னொன்று. கறுப்பு படிப்படியாக ஏறி வர வேண்டும். முழு மையைக் கடைசியில்தான் தொட வேண்டும்: கண்ணின் பாவை, மூக்குத் துவாரம், உதடுகள் சேருகிற கோடு. அந்த மூன்றும் விழுந்தவுடன், அதுவரை கறுப்பு என்று நினைத்த கன்னம் எவ்வளவு ஒளியோடு இருக்கிறது என்பது தெரியும். நரைத்த தலைக்கு மை தேவையே இல்லை. பின்னாலிருக்கும் சுவரை இருட்டாக்கினால் நரை தானே எழுந்து நிற்கும்.

எங்கள் மாணவி ஒருத்தி, ஆறாம் வகுப்புப் பிள்ளை, தன் பாட்டியை இப்படி வரைந்தாள். மூன்று மாலை நேரம் ஆயிற்று. படத்தைக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் காட்டினபோது நாங்களும் உடனிருந்தோம். கறுப்பைப் பற்றி என்ன சொல்வாரோ என்றுதான் எல்லாருக்கும் கவலை. பாட்டி தாளைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏன்டி, என் மூக்குத்திய எங்கடி?" என்றார். அதைத்தான் மறந்துவிட்டிருந்தாள். மை படாத இடம் விட்டிருந்தால் மூக்குத்தி தானே மின்னியிருக்கும். இப்போது அந்த இடம் முழுக்கக் கறுப்பு. பிறகு மேலும் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "இது எங்கம்மா முகம் வாத்தியாரே. சாடை அப்படியே இருக்கு" என்றார். அந்த அம்மாவுக்குப் படம் கிடையாது. அந்தப் பெண் அவரைப் பார்த்ததும் கிடையாது. நாள்தோறும் பார்க்கிற பாட்டியின் தாடை எலும்பைச் சரியாகப் பார்த்து வரைந்ததில் பாட்டியின் தாயும் தாளில் வந்துவிட்டார். மறுநாளே அந்தப் பெண் புதுத் தாள் எடுத்துக்கொண்டு, மூக்குத்திக்கு ஒரு சொட்டுப் பால் வைத்து, முதலிலிருந்து தொடங்கினாள்.

சித்திரம் தேர்வுக்கு வராத பாடம் என்று சொல்லி, ஆறாம் வகுப்பு வந்ததும் வண்ணப் பெட்டியைப் பரணில் போட்டுவிடுவது நம் வீடுகளில் வெகுகாலமாக இருந்த பழக்கம். அந்த யுபிஎஸ்ஆர் தேர்வே 2021-இல் எடுக்கப்பட்டுவிட்டது. பரணிலிருந்து பெட்டி இறங்கியதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நம் வீடுகளில் எத்தனை முகங்களுக்குப் படம் இல்லை என்று எண்ணிப் பாருங்கள். 1948-இல் அவசரகாலத்தில் அடையாள அட்டை வந்தது. தோட்டத்து மக்கள் பலருக்கு வாழ்நாளில் எடுத்த முதல் படம் அந்த அட்டைப் படம்தான். சிலருக்கு அதுவே கடைசி. இறந்த பிறகு அந்தச் சின்னப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை சாத்தினோம். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் கலைந்து, கறுப்பு வெள்ளைத் திட்டுகளாயிற்று. அதற்கும் முன்னால் 1942, 1943-இல் ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குப் போனவர்கள், திரும்பி வராதவர்கள், அவர்களில் மிகப் பலருக்கு அந்த அட்டைப் படமும் கிடையாது. பெயர் இருக்கிறது, போன கதை இருக்கிறது, முகம் இல்லை. அந்த முகங்களை மையும் மீட்டுத் தராது. கேட்டதை வைத்து வரைந்தால் அது வேறு யாரோ ஆகிவிடும். பாட்டியின் தாடையில் அவர் தாய் தெரிந்தது போல, உயிரோடிருக்கிற ஒருவரைச் சரியாக வரையும்போது தானாக வந்தால் உண்டு.

ஆனால் கித்தாக் காட்டில் விடியற்காலையில் நெற்றி விளக்குக் கட்டி மரம் வெட்டியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயதைத் தொட்டவர்கள். மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. இவர்கள் பட்டணத்து அடுக்குமாடியில் மகன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். கைப்பேசியில் ஆயிரம் படம் எடுக்கிறோமே, போதாதா என்று கேட்கலாம். எடுக்கலாம், நல்லதுதான். ஆனால் இப்போதைய கைப்பேசிகள் பலவற்றில், கேட்காமலே முகத்தை வெளுத்துக் கொடுக்கிற ஒரு வேலைப்பாடு இருக்கிறது. சுருக்கத்தையும் தேய்த்துவிடுகிறது. அந்தச் சிறுவன் தேடிய 'தோல் நிற'த்தை அதுவும் தேடுகிறது. மூன்று மாலை எதிரே உட்கார்ந்து, பாட்டி பேசுவதைக் கேட்டுக்கொண்டு, ஒரு முகத்தில் எங்கெங்கே ஒளி தங்குகிறது என்று பார்த்த பிள்ளை அந்த முகத்தை மறக்காது.

முகத்தோடு கைகளையும் வரையச் சொல்லுங்கள். வெட்டுக்கத்தி பிடித்த கைக்கு விரலிடுக்கில் ஒரு காய்ப்பு இருக்கும். அது மைநீரில் நன்றாக விழும்.

படம் முடிந்ததும் உடனே சட்டம் போடாதீர்கள். இரண்டு நாள் காயட்டும். கண்ணாடி தாளோடு ஒட்டாமல் இருக்க, ஓரத்தில் அட்டை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். ஒட்டினால் நம் ஊர் ஈரத்துக்குப் பூசணம் பிடிக்கும். சமையலறைச் சுவரில் மாட்ட வேண்டாம். பின்பக்கத்தில், எழுதுகோல் மையில் அல்ல, பென்சிலில் எழுதுங்கள்: யாருடைய படம், எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தத் தோட்டத்தில் எத்தனை வருடம் வேலை பார்த்தவர், யார் வரைந்தது, எந்த நாள். பெயரை எழுதும்போது தோட்டத்துப் பெயர் ஒன்றும் அடையாள அட்டைப் பெயர் ஒன்றுமாக இரண்டு இருந்தால் இரண்டையும் எழுதிவிடுங்கள்.